எத்தல்ரெட் ஆட்சியை மூல ஆவணங்களில் படித்த அனுபவம்

இங்கிலாந்தை 978 முதல் 1016 வரை ஆண்ட எத்தல்ரெட்டைப் பற்றிப் பொதுவான வரலாற்று நூல்கள் சொல்வது ஒன்றுதான்: கடல்வழி வந்து கொள்ளையடித்த வைகிங்குகளுக்குப் பணம் கொடுத்துக் கொடுத்தே நாட்டைத் தொலைத்தவர். அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க மூலங்களுக்கே போனேன். பழைய ஆங்கிலம் தெரியாது. நவீன ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன்.

தொடங்கியது ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டில், அதாவது பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாட்டு நிகழ்வுகளின் பதிவில். ஆண்டுவாரியாக எழுதப்பட்டிருப்பதால் அந்தந்த ஆண்டே எழுதியது போலத் தோன்றும். ஆனால் இந்த ஆட்சியைப் பற்றிய முக்கியப் பகுதி, எல்லாம் முடிந்து டேனியர் (டென்மார்க்கிலிருந்து வந்த வைகிங்குகள்) கையில் நாடு போன பிறகு ஒருவர் எழுதியது. முடிவு தெரிந்தவரின் கசப்பு ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. 991ல் வைகிங்குகளை எதிர்த்த மால்டன் போரில் ஆங்கிலத் தளபதி பிரித்னாத் இறந்ததும் 10,000 பவுண்டு, 994ல் 16,000, 1002ல் 24,000 என்று கொடுத்த தொகைகளைக் குறிப்பேட்டை எழுதியவர் அடுக்கும்போது நமக்கும் கோபம் வருகிறது.

அதனால் குறிப்பேட்டோடு அரச சாசனங்களையும், அதாவது நிலமும் உரிமையும் கொடுத்து மன்னர் வெளியிட்ட ஆவணங்களையும், சேர்த்துப் படிக்க ஆரம்பித்தேன். இவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆட்சி நடக்கும்போதே எழுதப்பட்டவை என்பதுதான் இவற்றின் பலம். 993ல் அபிங்டன் மடத்துக்குக் கொடுத்த சாசனத்தில், இளவயதில் தன் பேரில் நடந்த தவறுகளுக்கு மன்னரே வருந்துகிறார். அதே குரலை எதிர்பார்த்து 1004ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு சாசனத்தை எடுத்தால் உடல் நடுங்குகிறது. 1002 நவம்பர் 13 அன்று டேனியரைக் கொல்லச் சொன்ன ஆணையையும், தேவாலயத்தில் ஒளிந்தவர்கள் அதோடு சேர்த்து எரிக்கப்பட்டதையும் அது நியாயப்படுத்தியே சொல்கிறது. எத்தல்ரெட்மேல் இரக்கம் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன்.

சாசனங்களின் கடைசியில் வரும் சாட்சிப் பட்டியலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அரசவையில் யார் ஏறினார், யார் காணாமல் போனார் என்பது அங்கேதான் தெரியும். 1006ல் ஆல்ஃப்ஹெல்ம் என்ற பெரும் பிரபு கொல்லப்படுகிறார், அவர் மகன்களின் கண்கள் பிடுங்கப்படுகின்றன. அடுத்த ஆண்டே எட்ரிக் ஸ்ட்ரேயோனா என்ற பிரபு, நாட்டின் நடுப்பகுதியான மெர்சியாவின் தலைவர்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு 1009க்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. முந்தைய ஆண்டு நாடு முழுக்க வரி போட்டுக் கப்பல்கள் கட்டியிருக்கிறார்கள். அத்தனையும் சாண்ட்விச் துறைமுகத்தில் தயார். அப்போது எட்ரிக்கின் சகோதரர் பிரித்ரிக், வுல்ஃப்னாத் என்பவர்மேல் மன்னரிடம் குற்றம் சாட்டுகிறார். வுல்ஃப்னாத் 20 கப்பல்களோடு பிரிந்து போய்க் கொள்ளையடிக்கிறார். 80 கப்பல்களோடு துரத்திய பிரித்ரிக்கின் கப்பல்களைப் புயல் கரையில் மோதவிட, வுல்ஃப்னாத் வந்து அவற்றை எரித்துவிடுகிறார். அப்புறம் வைகிங் தலைவர் தோர்க்கெல்லின் படை வந்திறங்கும்போது எதிர்க்கக் கடற்படையே இல்லை. பணமும் நிர்வாகமும் இருந்தன. பெரிய மனிதர்களுக்குள் நம்பிக்கைதான் இல்லை.

1014ல், நாட்டை விட்டு ஓடிய மன்னரைத் திரும்ப அழைத்தவர்கள் வைத்த நிபந்தனையும் அதுதான்: முன்பைவிட நியாயமாக ஆள வேண்டும்.

இப்போது, பின்னர் இங்கிலாந்தை ஆண்ட டேனிய மன்னர் கனூட்டின் ஆட்சிக்குள் வந்திருக்கிறேன். 1018ல் அவருக்கு 72,000 பவுண்டு வசூலாகிறது, லண்டன் மட்டும் தனியாக 10,500. எத்தல்ரெட்டுக்குச் சட்டங்கள் எழுதிக்கொடுத்த பேராயர் வுல்ஃப்ஸ்டன்தான் கனூட்டுக்கும் எழுதிக்கொடுக்கிறார்.