ஆறு தோட்டா, இரண்டு கேசட்

ஆகஸ்ட் 14, 2024, புதன். ஆங்கரேஜ், அலாஸ்கா

சனிக்கிழமை கிளம்புகிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும் டெனாலி நெடுஞ்சாலைக்கு வா வா என்று மூன்று வருடமாகக் கூப்பிடுகிறார்கள். இந்த வருடம்தான் லீவு அமைந்தது. பாக்ஸனில் தொடங்கி கான்ட்வெல் வரை 135 மைல், பெரும்பகுதி சரளைச் சாலை.

இன்று மாலை அவரோடு ராபிட் க்ரீக் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்துக்குப் போனேன். கரடி தாக்க வந்தால் தற்காப்புக்கு என்று அவர் சுமப்பது .44 மேக்னம் ரிவால்வர். ஆறு தோட்டா பிடிக்கும். குண்டு கெட்டி ஈயம். சாதாரணக் குண்டு உடலுக்குள் போனதும் மலர்ந்து நின்றுவிடும். கரடியின் கொழுப்பையும் தசையையும் தாண்டி எலும்பு வரை போக வேண்டுமென்றால் மலராத குண்டுதான் வேண்டுமாம். இளவயதுக்காரர்கள் பலர் இப்போது 10 மில்லிமீட்டர் க்ளாக் பிஸ்டல் வாங்குகிறார்கள். அதில் பதினைந்து தோட்டா. அவர் மாறவில்லை. அறுபத்தாறு வயதில் புதுக் கைப்பழக்கம் வேண்டாம் என்கிறார்.

நான் பார்த்ததோடு சரி, தொடவில்லை. அலாஸ்காவில் 21 வயதானவர் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்க 2003 முதல் பெர்மிட்டே தேவையில்லை. ஆனால் என்னைப் போல எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் இருந்தாலொழிய, துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். இது தெரியாமல் நண்பரோடு போய்ச் சுட்டு, படம் எடுத்துப் போடும் நம்மூர்ப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

எனக்குக் கரடி ஸ்பிரே. சிவப்பு டப்பா, உள்ளே இருப்பது மிளகாய்க் காரம்தான். பத்து மீட்டருக்குள் வந்தால் முகத்துக்கு நேரே மேகம் போல அடிக்க வேண்டும். ஏழெட்டு விநாடியில் டப்பா காலி.

நேற்று இரவு இரண்டு ஆய்வுகளைப் படித்தேன். கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் வேறு சிலரும் சேர்ந்து அலாஸ்கா சம்பவங்களைத் தொகுத்தவை. 2008இல் வந்தது ஸ்பிரே பற்றி: பழுப்புக் கரடிகளிடம் 92 சதவீதம் பலித்திருக்கிறது. 2012இல் வந்தது துப்பாக்கி பற்றி, 269 சம்பவங்கள்: கைத்துப்பாக்கி 84, நீளத் துப்பாக்கி 76 சதவீதம். என்னை உலுக்கியது வேறொரு வரி. கிட்டத்தில் கரடி வந்தபோது துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சுட்டாலும் சுடாவிட்டாலும் காயம்பட்ட அளவு ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். மறுக்கவில்லை. கரடி மணிக்கு 35 மைல் ஓடும். முப்பது கெஜத்தில் பார்த்தால் இரண்டு விநாடிகூட முழுசாகக் கிடைக்காது. அதனால்தான் தினமும் கராஜில், தோட்டா இல்லாமல், உறையிலிருந்து உருவிப் பழகுகிறார். நெஞ்சுக்குக் குறுக்கே தோல் உறை. இடுப்பில் கட்டினால் முதுகுப்பையின் வார் மறைத்துவிடும். “முதலில் வாய், அப்புறம் ஸ்பிரே, இது கடைசி” என்றார். எதிர்காற்றில் ஸ்பிரே நம் கண்ணுக்கே திரும்பும் என்பதற்காகத்தான் இதையும் சுமக்கிறாராம்.

சுட்டால் வேலை முடிந்துவிடாது. கரடியை நாமே உரித்து, நகத்தோடு தோலையும் மண்டையோட்டையும் வனவிலங்குத் துறையிடம் ஒப்படைத்து, நடந்ததை எழுதிக்கொடுக்க வேண்டும். சாப்பாட்டை வெளியே போட்டு வைத்து அதனால் கரடி வந்திருந்தால் தற்காப்பு என்று சொல்லவும் முடியாது. அவர் நாற்பது வருடத்துக்கு மேலாகச் சுமக்கிறார். ஒரு கரடியைக்கூடச் சுட்டதில்லை.

ஆகஸ்ட் 17, சனி. டாங்கிள் ஏரிகள்

பழைய டிரக். அதில் இன்னும் கேசட் பிளேயர் வேலை செய்கிறது. க்ளென் நெடுஞ்சாலை முழுக்க அவர் பேச்சு கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு பற்றித்தான்.

1980 ஜூனில் அந்தக் குழு ஆங்கரேஜுக்கு வந்து வெஸ்ட் ஹை பள்ளியின் அரங்கில் மூன்று இரவு வாசித்தது. பெரிய பெரிய மைதானங்களை நிறைத்தவர்கள், ஒரு பள்ளிக்கூட அரங்கில்! இவருக்கு அப்போது 22 வயது. 19, 20, 21 மூன்று நாளும் போயிருக்கிறார். வருடத்திலேயே நீளமான பகல். கச்சேரி முடிந்து வெளியே வந்தால் இன்னும் வெளிச்சமாக இருந்ததாம். அந்த வெளிச்சத்தை இன்றும் கை நீட்டிக் காட்டுகிறார்.

ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்ய அந்தக் குழு விட்டுவிட்டது. காசுக்கு விற்கக் கூடாது, அவ்வளவுதான். 1984இல் பதிவு செய்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். காலி கேசட்டும் திரும்பி வர தபால்தலையும் அனுப்பினால் முகம் தெரியாத யாரோ பிரதி எடுத்து அனுப்புவார். அப்படித்தான் இவருக்கும் அந்த இரவுகளில் ஒன்று பல வருடம் கழித்துத் தபாலில் வந்தது.

அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். பாட்டுக்கு நடுவே நெடுநேரம் சுருதி சேர்க்கிறார்கள். மைக்குக்குப் பக்கத்தில் யாரோ கத்துகிறார். இரண்டாம் பாதியில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, டிரம்மர்கள் இருவர் மட்டும் வாசிக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது தனி ஆவர்த்தனம்தானே! நம் மேடையில் பாடகர் இறங்கிப் போகாமல் உட்கார்ந்து தாளம் போடுவார் என்று சொன்னேன். அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மாமியும் (அவர் மனைவியை அப்படித்தான் கூப்பிடுகிறேன், அவருக்கும் பழகிவிட்டது) எதற்காக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று துருவித் துருவிக் கேட்டார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

டயர் பஞ்சர். மழை. மக்லாரன் கணவாய் 4,086 அடி. மேகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள். மக்லாரன் ஆறு

அவுரிநெல்லி பறிக்கப் போனோம். காதில் எதையும் மாட்டக் கூடாது, ஸ்பீக்கரும் வேண்டாம் என்பது மாமியின் கட்டளை. பாட்டு ஓடினால் புதரில் கிளை முறிவது நமக்குக் கேட்காது. பையில் கட்டும் மணியும் பிரயோஜனமில்லை. மனிதக் குரல்தான் வேண்டும், எந்த மொழியானாலும் சரி. நான் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டே போனேன்: “கரடியாரே, வருகிறோம், வழி விடுங்க!”

பதினொரு மணி இருக்கும். மேட்டைத் தாண்டியதும் எதிர்ச்சரிவில் கிரிஸ்லி, அதாவது பழுப்புக் கரடி. நூறு கெஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் பழம்தான் தின்றுகொண்டிருந்தது. நிமிர்ந்தது. பின்னங்காலில் எழுந்து நின்றது. அது மிரட்டல் இல்லை, மோப்பம் பிடித்து யார் என்று பார்க்கிறது என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் முழங்கால் நடுங்கியது. மூவரும் ஒட்டி நின்றோம். நான் ஸ்பிரேயின் பூட்டைக் கழற்றினேன். பெரியவர் கை உறையின் மேல் போனது. உருவவில்லை. தணிந்த குரலில், பேரப்பிள்ளையிடம் பேசுவது போல, அதனிடம் பேசத் தொடங்கினார். பேசிக்கொண்டே பக்கவாட்டில் மெல்லப் பின்வாங்கினோம். கரடி மறுபடி நாலு காலில் இறங்கி, ஒருமுறை பார்த்துவிட்டு, சரிவின் மேலே போய்விட்டது.

மொத்தம் ஒரு நிமிடம் இருக்கலாம். டிரக்குக்கு வந்தபின் பார்த்தேன், அவர் விரல்களும் நடுங்கிக்கொண்டிருந்தன. இத்தனை வருடப் பயிற்சியும் அந்தக் கையை உறையின் மேலேயே நிறுத்தி வைப்பதற்கும்தான் என்று எனக்கு அப்போது பட்டது. அவர் மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது.

இரவு சாப்பாட்டுப் பீப்பாயை நூறு கெஜம் தள்ளி வைத்துவிட்டு டிரக்கில் உட்கார்ந்தோம். நான் கொண்டுவந்த கேசட்டை எடுத்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் 1991 பங்குனி உற்சவம், அப்பா நேஷனல் பானசோனிக்கைத் தோளில் வைத்துக்கொண்டு வீதியில் நடந்தே பதிவு செய்தது. சாமி புறப்படும்போது மல்லாரி, கம்பீர நாட்டை ராகத்தில். சாகித்தியம் கிடையாது, நாகஸ்வரமும் தவிலும்தான். நடுவில் வெடிச் சத்தம், பலூன்காரர், ஸ்ரீபாதம் தாங்கிகளின் “தள்ளு, தள்ளு”. தவில் எட்ட எட்டப் போய் மறுபடி நெருங்கி வரும். அப்பா கூட்டத்தில் பின்தங்கி, ஓடிப் பிடித்திருக்கிறார்.

ஒரு இடத்தில் நாகஸ்வரம் உச்சிக்கு ஏறும்போதே ‘டக்’ என்று அறுந்து, வேறெங்கோ தொடங்கும். சின்ன வயதிலிருந்து எனக்கு எரிச்சலூட்டிய இடம் அது. பெரியவர் கண்ணைத் திறந்தார். “டேப்பைத் திருப்பிப் போடுகிறார்” என்றார். “எவ்வளவு வேகமாகத் திருப்பியிருக்கிறார் பார்.”

என்னால் சற்று நேரம் பேச முடியவில்லை. அப்பாவை அப்படி யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 21, புதன். ஆங்கரேஜ்

நேற்று ராத்திரி வந்து சேர்ந்தோம். காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ரிவால்வரைக் கழற்றி, எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறு தோட்டாவும் மேசையில் வரிசையாக நின்றன.

கேசட்டைப் பிரதி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கொடுத்தேன். புதுக் கேசட்டின் அட்டையை எடுத்து, பேனாவைத் திறந்து, தேதி, ஊர், எந்த இடம், யார் பதிவு என்று வரிசையாகக் கேட்டார். அப்பா பென்சிலால் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்: மூன்றாம் நாள், மேல வீதி. அப்பா பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டார்.