இரண்டு டிரிப்ஸோடு நிறுத்தாதீர்கள்

ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு அயர்ன் சுக்ரோஸ் (ரத்தக்குழாய் வழியே ஏற்றும் இரும்பு மருந்து) டிரிப்ஸ் போடுவது தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்துவிட்டது. மாத்திரை போட்டாலே வாந்தி வருபவர்களுக்கும், ஏழு மாதம் ஆகியும் ஹீமோகுளோபின் 10-ஐத் தொடாதவர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் இரண்டு முறை ஏற்றியதும் "ரத்தம் ஏறிடுச்சு, போதும்" என்று பலர் வருவதில்லை. ஏன் போதாது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தேவையான இரும்பு (மி.கி.) = எடை × (வேண்டிய ஹீமோகுளோபின் − இப்போதைய அளவு) × 2.4 + 500. எடை என்பது கர்ப்பத்துக்கு முந்தைய எடை. 50 கிலோ, ஹீமோகுளோபின் 8, வேண்டியது 11 என்றால் 360 + 500 = 860 மி.கி. இதில் 360 ரத்தத்துக்கு, 500 உடம்பின் சேமிப்புக்கு. ஒரு டிரிப்ஸில் 200 மி.கி.தான் போகும். இரண்டோடு நிறுத்தினால் 400. ஹீமோகுளோபின் 11 வரை ஏறக்கூடும், சேமிப்பில் வெறும் 40 மி.கி. நிற்கும். பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனாலே ஏறக்குறைய 190 மி.கி. இரும்பு கூடப் போய்விடும். குழந்தை இழுத்துக்கொள்வது தனி. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு 600 மி.கி.க்கு மிகாமல், நான்கைந்து முறை வந்து முழு அளவையும் முடிக்க வேண்டும்.

போடுவதற்கு முன் அது இரும்புக் குறைபாடுதானா என்று உறுதி செய்ய வேண்டும். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 30-க்குக் கீழே இருந்தால் சந்தேகமில்லை. எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைவு, ஆனால் சிவப்பணு எண்ணிக்கை அதிகம், ஃபெரிட்டினும் சரியாக இருக்கிறது என்றால் தலசீமியா கூறாக (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடு) இருக்கலாம். அவர்களுக்கு இரும்பு ஏற்றிப் பயனில்லை. முதல் மூன்று மாதத்திலும், காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருக்கும்போதும் போடக் கூடாது.

கலப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. 5 மி.லி. ஆம்பியூலில் 100 மி.கி. இருக்கும். இரண்டு ஆம்பியூலை 100 மி.லி. நார்மல் சலைனில் கலக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் கூடாது. கைக்குக் கிடைத்தது என்று 500 மி.லி. பாட்டிலில் கலக்கவும் கூடாது, ஒரு மி.லி.க்கு 1 மி.கி.க்குக் கீழே நீர்த்துப்போனால் மருந்தின் கட்டமைப்பு நிலைக்காது. வேறு எந்த ஊசி மருந்தையும் அதே பாட்டிலில் சேர்க்காதீர்கள். முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு 20 சொட்டு, ஒன்றும் இல்லையென்றால் 60 சொட்டு. மொத்தம் நாற்பது நிமிடத்தில் முடியும். முடிந்தபின் அரைமணி நேரம் படுக்கையிலேயே இருக்கட்டும்.

முகம் சிவந்து, நெஞ்சு இறுக்கி, இடுப்பு வலித்தால் உடனே டிரிப்ஸை நிறுத்துங்கள். பிரஷர் இறங்கவில்லை, இளைப்பு இல்லை, முகமும் நாக்கும் வீங்கவில்லை என்றால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். பிறகு மெதுவாகத் தொடரலாம். இங்கே பதறிப்போய் ஏவில் (ஒவ்வாமைக்கான மருந்து) ஊசி போடுவதுதான் வம்பு. அது தூக்கத்தையும் பிரஷர் இறக்கத்தையும் உண்டாக்கி, சாதாரண எதிர்வினையைப் பெரிய ஒவ்வாமை மாதிரி காட்டும். உண்மையிலேயே பிரஷர் விழுந்து மூச்சு திணறினால் தாமதிக்காமல் அட்ரினலின் 0.5 மி.லி. (1:1000) தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். அந்த ஆம்பியூல் பக்கத்தில் இல்லாத இடத்தில் டிரிப்ஸைத் தொடங்கவே கூடாது.

ஊசி ரத்தக்குழாயை விட்டு விலகி மருந்து வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். அதனால் முதலில் வெறும் சலைனைச் செலுத்தி வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் செருகும் ஊசிக்குழாய்) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எரிகிறது, வலிக்கிறது என்று அவர் சொன்னால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

பலமுறை வர முடியாதவர்களுக்கு ஃபெர்ரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இன்னொரு இரும்பு டிரிப்ஸ் நல்லது. கிலோவுக்கு 20 மி.கி. வரை, ஒரே நாளில் அதிகபட்சம் 1000 மி.கி. கொடுக்கலாம். விலை கூடுதல். இது ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைக்கும் என்பதால் அடுத்த வாரங்களில் தீராத சோர்வோ எலும்பு வலியோ வந்தால் அதைப் பரிசோதிக்க வேண்டும்.

ஹீமோகுளோபினை நான்கு வாரம் கழித்துப் பாருங்கள். ஃபெரிட்டினை அதற்கு முன் பார்த்தால் பொய்யாக உயர்ந்தே காட்டும். முழு அளவு போட்டும் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறவில்லையா? மறுபடி இரும்பு ஏற்றாமல் பி12, ஃபோலேட், சிறுநீரகம், எங்கேனும் மறைவான ரத்தக்கசிவு இவற்றைத் தேட வேண்டும்.