என்.சி.ஜி.ஈ.யும் ஒரு சீவுளியும்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் அங்கத்துவப் படிவத்தில் "க.பொ.த. சாதாரண தரம் எழுதிய ஆண்டு" என்று ஒரு பெட்டி இருக்கிறது. எங்கள் வகுப்பு அதை எப்போதும் வெறுமையாகவே விட்டுவருகிறது. நாங்கள் சாதாரண தரம் எழுதவில்லை, உயர்தரமும் எழுதவில்லை. எங்களுக்கு முன்னே போன அண்ணாமார் எழுதினார்கள், பின்னே வந்த தம்பிமார் எழுதினார்கள். நடுவில் அகப்பட்ட நாங்கள் எழுதியது தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ், வாயில் நின்ற பெயரில் என்.சி.ஜி.ஈ. முதலாவது பரீட்சை 1975 டிசம்பரில். அதற்கு ஐம்பது வருடம் ஆகிவிட்டது, ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழு கேட்டு ஒரு மாதத்துக்குள், எங்களுக்குப் படிப்பித்த மாஸ்ரர் ஒருவர் காலமான செய்தி வைபரில் வந்தது. ஆகவே இது அவரைப் பற்றியதாகப் போய்விட்டது. அவருடைய பெயரை எழுதவில்லை. நம்மவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் மூத்தவர் யாரிடமாவது "சீவுளி மாஸ்ரர்" என்று கேட்டால் போதும்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1971 ஏப்ரலில் தெற்கில் கிளர்ச்சி வெடித்தபோது அதில் இறங்கியவர்களில் பெரும்பகுதி படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த சிங்கள இளைஞர்கள். ஏட்டுப் படிப்பால் வந்த வினை இது என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். 1972இல் முழுப் பாடத்திட்டத்தையும் தலைகீழாகப் புரட்டினார்கள். பள்ளியில் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாயிற்று. ஒன்பதாம் வகுப்புவரை விஞ்ஞானப் பிரிவு, கலைப்பிரிவு என்ற பாகுபாடு கிடையாது; நாடு முழுவதும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பத்துப் பாடம். சரித்திரமும் பூமிசாத்திரமும் கலைந்து சமூகக்கல்வி ஆயின. அத்தோடு புதிதாக ஒன்று வந்தது: அந்தந்த ஊரின் தொழிலைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டும். அதிகாரபூர்வமான பெயர் நீளமானது. நாங்கள் தொழிற்பாடம் என்றோம்.

யாழ்ப்பாணத்தில் இது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிளறிக்கல் சோதினை பாஸ் பண்ணி, கொழும்புக்கு ரயிலேறி, மாதம் பிறக்க மணியோடர் அனுப்பும் மகனைப் பெறுவதற்காகவே பள்ளிக்கூடம் என்று மூன்று தலைமுறையாக நம்பிய ஊர். அந்த நம்பிக்கைக்கு ஏற்கெனவே ஒரு அடி விழுந்திருந்தது. 1971 அனுமதியில் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியலுக்குள் நுழையத் தமிழ்மொழி மாணவனுக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களமொழி மாணவனுக்கு 227 போதும். பிறகு 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றையும் சேர்த்துத் தரப்படுத்தல் என்றார்கள். இந்த நேரத்தில் வந்து பிள்ளையின் கையில் உளியைக் கொடு என்றால், தரப்படுத்தலின் இன்னொரு வால் இது என்றுதான் பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள். அப்படி நினைத்ததைப் பிழை என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு வேடிக்கை. அதே ஆண்டுகளில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் இறக்குமதியாவதை அரசாங்கம் நிறுத்தியிருந்ததால் தோட்டக்காரர் கையில் என்றும் காணாத காசு புரண்டது. வெங்காயம் விற்று மாடி வைத்தவர்கள்தான், பள்ளிக்கூடத்தில் வெங்காயம் நடப் பழக்கக்கூடாது என்று முதலில் வந்து சண்டை பிடித்தார்கள்.

நம் கல்லூரி விவசாயத்தை எடுக்கவில்லை. மைதானத்தில் ஒரு சாண் தோண்டவும் விளையாட்டு மாஸ்ரர் சம்மதிக்கவில்லை என்பது காரணம். மரவேலை என்று முடிவாயிற்று. யார் படிப்பிப்பது? ரோனியோவில் அடித்த ஆசிரியர் கைந்நூல் ஒன்று மேசையில் கிடக்க, ஸ்ராஃப் றூமில் எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கையைத் தூக்கியவர், மேல்வகுப்புக்குப் பிரயோக கணிதம் எடுத்துக்கொண்டிருந்த நம்முடைய மாஸ்ரர். லண்டன் பி.எஸ்சி. அவரிடம் படித்தவன் கட்டுபெத்தைப் பொறியியல் வளாகத்துக்குப் போகாவிட்டால் அது அவனுடைய குற்றம் என்று பேர் எடுத்தவர். ஒரு சேவைக்காலப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வெள்ளை லோங்ஸ், வெள்ளைச் சேர்ட், சட்டைப்பையில் ஸ்லைட் ரூல், கையில் பலகை இழைக்கும் ஒரு புதுச் சீவுளி. பழைய சைக்கிள் கொட்டிலுக்குள் எட்டாம் வகுப்பு 'பி' வரிசையாக நின்றோம்.

எங்கள் மலர்கள் சாதி என்ற சொல்லை அச்சடிப்பதில்லை. இந்த முறை அடிக்கத்தான் வேண்டும்.

கடைசி வாங்கில் ஒருவன் இருந்தான். தகப்பன் ஓடாவியார், அதாவது தச்சர்; எங்களில் அரைவாசிப்பேர் வீட்டு நிலையும் கதவும் அவர் செய்தவை. அவன் அதிகம் பேசமாட்டான். கணக்கில் நடுத்தரம், ஓட்டத்தில் நல்லவன். மாஸ்ரர் கைந்நூலைப் பார்த்துப் பார்த்துச் சீவுளியின் பாகங்களைச் சொன்னார். பிறகு, நல்ல மனதோடுதான், "தம்பி, நீ வா. நீ பிடிச்சுக் காட்டு, இவங்கள் பழகட்டும்" என்று அவனைக் கூப்பிட்டார். புதிய பாடத்திட்டத்தின் கனவே அதுதான்: கைத்தொழிலுக்கு மதிப்பு. கொழும்பில் இருந்து பார்த்தால் அழகான கனவு. கொட்டிலுக்குள் அது வேறுமாதிரி இருந்தது. அதுவரை எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் வகுப்பில் சொல்லாத ஒன்றை மாஸ்ரர் வாய்விட்டுச் சொன்னமாதிரி ஆகிவிட்டது. முன்வரிசையில் ஒருவன் மூக்கால் சிரித்தான். அது வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது.

அவன் எழுந்து நின்றான். முன்னுக்கு வரவில்லை.

"எனக்குத் தெரியாது சேர்" என்றான்.

பொய். சீவுளியைக் கையில் எடுக்காமலே எந்தப் பலகைக்கு எந்தப் பக்கமிருந்து சீவ வேண்டும் என்று சொல்லக்கூடியவன். மாஸ்ரர் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். "அப்ப சரி, இரு. எனக்கும் தெரியாது" என்றுவிட்டுப் பலகையைத் தானே எடுத்தார். நாருக்கு எதிராக வைத்துச் சீவினார். சீவுளி இடறி, பலகை பிய்ந்து, அவருடைய வெள்ளைச் சேர்ட்டில் ஒரு கீறல். வகுப்பு இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் தடுக்கவில்லை. இன்னொரு பலகை எடுத்தார், அதையும் கெடுத்தார். இன்ரேவல் மணி அடிக்கும்வரை சிரிப்பு முழுவதையும் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார். அடுத்த மாதங்களில், பின்னேரம் அவருடைய சைக்கிள் ஓடாவியாரின் பட்டறை வாசலில் நிற்கிறது என்று ஊரில் கதை வந்தது. பிரயோக கணித மாஸ்ரர் ஓடாவியாருக்குக் கீழே இருந்து வேலை பழகுகிறார் என்பது அப்போது சின்னச் செய்தி இல்லை.

கதை பெற்றோர் காதுக்கும் போனது. கச்சேரியில், அதுதான் அரசாங்க அதிபர் அலுவலகத்தில், உத்தியோகம் பார்த்த ஒருவர் கொட்டில் வாசலில் வந்து நின்று, நாங்கள் எல்லாரும் கேட்க, "என்ர பெடியனை ஓடாவியாக்கவே மாஸ்ரர் இஞ்ச அனுப்பினனான்?" என்று சத்தம் போட்டார்.

"ஓடாவியாக்கிறது அவ்வளவு சுகமான வேலையில்லை, ஐயா" என்றார் மாஸ்ரர். "நான் ஒரு வருஷமா முயற்சி பண்ணுறன், எனக்கே இன்னும் வரேல்லை."

இதைச் சொல்லும்போது சீவுவதை நிறுத்தவில்லை. நான் பிற்பாடு லண்டனில் எத்தனையோ மேலாளர்களுக்குக் கீழே இருந்தேன். நிறுவனம் உருமாறுகிறது என்று ஆண்டுக்கொரு தடவை மண்டபத்தில் கூட்டி வைத்து உரை நிகழ்த்துவார்கள். மாற்றத்தின் பாரத்தைத் தன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு அதில் கீழே இருப்பவனை நசியவிடாமல் பார்த்தவர் என்று சொல்ல எனக்கு இந்த ஒருவர்தான் ஞாபகம் வருகிறார்.

அந்தத் தவணைப் பரீட்சையில் மரவேலைக்குக் கேள்வித்தாள் இருந்தது. "சீவுளியின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்குக." எனக்கு 84. ஓடாவியார் மகனுக்கு 51. தாளைத் திருப்பித் தரும்போது மாஸ்ரர் என்னுடையதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, "நல்ல படம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1975 டிசம்பரில் என்.சி.ஜி.ஈ. எழுதினோம். அடுத்தது எச்.என்.சி.ஈ. என்ற உயர் சான்றிதழ். அதற்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே 1977 ஜூலையில் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் பழைய க.பொ.த.வைத் திரும்பக் கொண்டுவரப் போகிறது என்ற பிறகு, கலைக்கப்படப்போகும் பரீட்சைக்கு 1978இல் போய் உட்கார்ந்தோம். கொட்டில் மறுபடி சைக்கிள்களுக்குப் போனது. உளிகளும் கொட்டாப்புளிகளும் கிரிக்கெட் சாமான் அறையில் சாக்குக்குள். இங்கிலாந்தில் ஓ லெவலை நீக்கிக் கொண்டுவந்த ஜி.சி.எஸ்.ஈ. 1988 முதல் இன்றுவரை ஓடுகிறது. புள்ளி எழுத்தை இலக்கமாக்கினார்கள், அவ்வளவுதான். ஒரு பாடத்திட்டம் சரியோ பிழையோ என்று தெரிய வேண்டுமானால் ஒரு பிள்ளை அதில் தொடங்கி முடித்து, வேலைக்குப் போய் ஒரு பத்து வருடமாவது ஆக வேண்டும். எங்களுடையதற்கு அந்த அவகாசமே கிடைக்கவில்லை. திட்டத்தை எதிர்த்த கெட்டிக்காரர்கள் எல்லாரும், பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோம் என்றார்கள். மாஸ்ரர் மேல்வகுப்புக்குத் திரும்பவில்லை. அங்கே இளம் பட்டதாரி ஒருவர் காலூன்றிவிட்டார், பிள்ளைகளும் ரியூட்டரி பக்கம் போய்விட்டார்கள். ஏழாம் வகுப்புக் கணக்கோடு ஓய்வு பெற்றார்.

நான் 1979இல் லண்டனுக்கு வந்தேன். கணக்கியல் படிக்க இடம் கேட்டுப் போன கல்லூரியில் கருமபீடத்துப் பெண் தன் தடித்த புத்தகத்தில் தேடிப் பார்த்து, இப்படியொரு சான்றிதழ் உலகத்தில் இல்லை என்றார். இருந்தது, இப்போது இல்லை என்று விளக்கினேன். அந்த விளக்கம் எனக்கே திருப்தியாக இல்லை. கல்லூரிக்கு எழுதினேன். பதில் மாஸ்ரரின் கையெழுத்தில் வந்தது. அதிபர் ஒப்பம் மட்டும் வைத்திருந்தார். எந்தப் பாடம் எதற்குச் சமம், எத்தனை மணித்தியாலம், என்னென்ன அலகு என்று நான்கு பக்கம். மரவேலையை அவர் விடவில்லை: "செய்முறை வடிவியல், பிரயோகத்துடன்." இடம் கிடைத்தது. பெற்றோல் செற்றில் இரவு வேலை, பகலில் வகுப்பு. மூன்று வருடத்தில் திரும்பிவிடுவதாகத்தான் அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். 1983 இனக்கலவரம் வந்தது. அதன்பிறகு திரும்புவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. எல்லாப் பழியையும் 83இன் மேல் போடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது என்பதை இந்த வயதில் ஒத்துக்கொள்ளலாம்.

போரால் மூடியிருந்த ஏ-9 வீதி 2002இல் திறந்தபிறகு மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் உட்காரத் தந்த ஸ்ரூல் அவரே செய்தது. ஒரு கால் கட்டை. உதயன் பத்திரிகையை மடித்து அடியில் வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது அவரும் தென்மராட்சிக்கு நடந்தவர். அங்கே ஒரு பள்ளிக்கூடம் காலையில் தன் பிள்ளைகளுக்கும் பின்னேரம் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் நடந்ததாம். மரத்தடி வகுப்புக்கு வாங்கு இல்லை. "ஓய்வெடுத்தவனுக்கு என்ன வேலை? பனங்குத்தியைப் பிளந்து வாங்கு அடிச்சன். ஒண்டும் நேர் இல்லை. பிள்ளையள் இருந்து எழுதினதுகள்" என்றார். பிறகு சிரித்தார். "அப்பதான் உந்தப் பாடத்திட்டம் வேலை செய்தது."

ஏன் அன்று கையைத் தூக்கினீர்கள் என்று கேட்டேன். பெரிய கொள்கை விளக்கம் ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். "ஆரோ ஒராள் தூக்க வேணுமே. பிறின்சிப்பல் பாவம், நிண்டுகொண்டிருந்தவர்" என்றார். அடுத்த மூச்சில், "நீ அங்க நிரந்தரமோ?" என்று கேட்டார். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஏதோ சொன்னேன். "ஓம், ஓம், அது சரி" என்று தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

இப்போது சங்கம் அவர் பெயரில் கணிதப் பரிசு வைக்கப் போகிறது. நான் மரவேலைக் கூடம் கேட்டேன். நாட்டில் 2017இலிருந்து 13 வருட உத்தரவாதக் கல்வி என்று தொழிற்பிரிவு வந்திருக்கிறது, மறுபடியும் சீர்திருத்தம் என்று பேச்சு நடக்கிறது, பொருத்தமாக இருக்கும் என்று குழுவில் வாதாடிப் பார்த்தேன். பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்றார்கள். கணிதம் வென்றது. என் பங்குக் காசை அனுப்பிவிட்டேன்.

ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு அச்சாகும் வகுப்புப் பட்டியலில் ஓடாவியார் மகனின் பெயர் இல்லை. எண்பதுகளில் சவூதிக்குப் போனான், திரும்பி வந்து தகப்பனின் பட்டறையைப் பெரிதாக்கினான் என்று கேள்வி. பெயரைச் சேர்க்கச் சொன்னேன். அவரைக் கேட்காமல் எப்படிப் போடுவது என்றார் செயலாளர். அதுவும் நியாயம். ஊரில் உள்ள ஒருவர் மூலம் கேட்டு அனுப்பியிருக்கிறோம். இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும் நாள்வரை பதில் வரவில்லை.