இடிந்தகரை நாட்குறிப்பு – 2013

ஏப்ரல் 20, சனி

பக்கத்துக் கூடங்குளம் அணு உலையில் நான்கு வால்வுகள் சரியில்லையாம். அணுசக்தி ஒழுங்காற்று வாரியமே சொல்லிவிட்டது. உதிரிபாகங்களைச் சோதியுங்கள் என்று போராட்டப் பந்தலில் இருந்து எத்தனை மாதமாகக் கத்தினோம், வதந்தி பரப்புகிறோம் என்றார்கள். தம்பி போட் எஞ்சின் பார்க்கிறவன். செய்தியை இரண்டு தடவை படித்தான். “எந்த வால்வுன்னு போடலியே” என்று மட்டும் கேட்டான்.

ஏப்ரல் 23

தம்பியின் பாஸ்போர்ட் இன்றும் வரவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

பூசை முடிந்ததிலிருந்து மனசு அணுக்கழிவிலேயே நிற்கிறது.

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் இந்த உலைக்குக் கையெழுத்துப் போட்டபோது, எரிந்து முடிந்த எரிபொருளை சோவியத் ஒன்றியமே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று இருந்தது. அப்புறம் அந்த நாடே இல்லாமல் போயிற்று. 1998இல் ரஷ்யாவோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அது மாறிவிட்டது. கழிவு இனி நம்மிடமே இருக்கும். கடன் அவர்கள் கொடுத்தது, உலை அவர்கள் செய்தது, எரிபொருளும் அங்கிருந்து வந்தது. எரிந்து மிஞ்சுவது மட்டும் எங்களுக்கு. கடனையாவது என்றைக்காவது அடைத்துவிடலாம். அந்தக் கழிவில் இருக்கிற புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டு ஆகும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். பீடித் தட்டிலிருந்து தலை நிமிராமல், “அத வைக்கிற அறைக்குச் சாவி யார்ட்ட இருக்கும்?” என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இரவு முழுக்க அந்தச் சாவிதான். யார் யாரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள்? வாங்குகிறவனுக்கு நம் எழுத்தைப் படிக்கத் தெரியுமா?

போன நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில், கழிவை வைக்கிற இடமாக அரசுத் தரப்பில் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயரைச் சொன்னார்கள். கோலார் மக்கள் தெருவுக்கு வந்ததும் அங்கே இல்லை என்று பின்வாங்கிவிட்டார்கள். அந்த மக்கள் செய்ததுதான் சரி. நாங்களும் அதைத்தானே செய்கிறோம், எங்கள் மேல் மட்டும் ஏன் தேசத்துரோக வழக்கு?

மே 5

உலை வழக்கில் நாளைக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அம்மா லூர்து மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். பந்தலில் யாரும் அதிகம் பேசவில்லை.

மே 6, திங்கள்

திறக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மே 7

நேற்று எழுத முடியவில்லை. பூவுலகின் நண்பர்கள் என்கிற சுற்றுச்சூழல் அமைப்பின் சுந்தரராஜன் போட்ட வழக்கு அது. நீதிபதிகள் ராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா. பெரிய பொதுநலனுக்கு முன்னால் சிறிய நலன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதற்குக் கீழே 15 நிபந்தனைகள். கழிவை நிரந்தரமாக வைக்க பூமிக்கு ஆழத்தில் ஓர் இடம் சீக்கிரம் வேண்டும் என்பது அதில் ஒன்று. அப்படியென்றால் இன்றுவரை அந்த இடம் இல்லை என்று நீதிமன்றத்துக்கும் தெரிந்திருக்கிறது. வீடு கட்டுகிறவன் கக்கூசுக்கு இடம் பார்க்காமல் கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறிப்பானா? கோபத்தில் எழுதுகிறேன். எழுதினது இருக்கட்டும், அழிக்கமாட்டேன்.

மக்கள் மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. அந்த ஒரு வரியைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். திரும்ப வாசிக்கச் சொன்னான்.

மே 14

கல்லூரித் தோழி மதுரையிலிருந்து போன் செய்தாள். ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லையாம், குழந்தை வியர்க்குருவில் தூங்கவில்லையாம். “உங்க ஊர்க்காரங்க கொஞ்சம் விட்டுக்கொடுத்தா என்னடி?” என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. குழந்தை அழுகிற சத்தம் போனிலேயே கேட்டது. எங்களுக்கும் கரண்ட் இல்லை, நாங்களும் விசிறிக்கொண்டுதான் படுக்கிறோம் என்று சொன்னேன். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகிற சீசன் வருகிறது, அத்தனை மின்சாரத்தையும் வாங்கிக் கொண்டுபோகப் போதுமான கம்பி கிடையாது, அதற்கு முதலில் செலவு செய்திருக்கலாமே என்றும் சொன்னேன். அவள் சரி சரி என்று வைத்துவிட்டாள். 2011 மார்ச்சில் புகுஷிமா வெடித்ததை என்னோடு விடுதி டிவியில் பார்த்தவள் அவள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 2

கச்சான் காற்று பலமாக அடிக்கிறது. அப்பா கடலுக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தால் அவருக்குப் பேச்சு நீவாட்டை, கடல் நீரோட்டத்தைப் பற்றித்தான். எந்த மாதம் எப்படித் திரும்பும், எந்த மீன் அதோடு வரும் என்று. உலையைக் குளிர்வித்த தண்ணீரைக் கடலில் விடுவார்கள், அது ஏழு டிகிரி வரைக்கும் சூடு கூடி இருக்கலாம் என்று விதி என்றேன். அவர் கையைத் தண்ணீரில் விடுகிற மாதிரி வைத்துக்கொண்டு யோசித்தார். “அர டிகிரி மாறுனாலே சாள வேற பக்கம் போயிரும் மக்ளே” என்றார். அப்பாவிடம் தெர்மாமீட்டர் கிடையாது, ஐம்பது வருடக் கை இருக்கிறது. அறிக்கை எழுதினவர்கள் ஒருதடவையாவது அவரைக் கேட்டிருக்கலாம்.

ஜூன் 9

சாவி.

ஜூன் 11

விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதைத் திரும்பவும் உட்கார்ந்து படித்தேன். 2010 சட்டப்படி, நடத்துகிற நிறுவனம் 1,500 கோடி வரைக்கும் பொறுப்பு. குறைபாடான பாகம் கொடுத்தவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்குகிற உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு உலைகளுக்கும் அது பொருந்தாது என்கிறது ரஷ்யா. விற்கிறவனே தன் பொருளுக்கு நிற்கமாட்டேன் என்றால் அதை ஏன் கடன் வாங்கி வாங்க வேண்டும்? போபாலில் 1984இல் விஷவாயு கசிந்ததற்கு 1989இல் 47 கோடி டாலரில் கணக்கை முடித்தார்கள். அங்கே கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கு இப்போது என் வயசுக்கு மேல். ஆலை வளாகத்துக் கழிவு இன்னும் அங்கேயே கிடக்கிறது.

வெளிநாட்டுக் கம்பெனி என்றாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லாபத்தோடு சேர்த்து ஆபத்தையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்கிறேன். இதைக் கேட்டதற்கு, எங்களுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது என்றார்கள். அம்மா ஆயிரம் பீடி சுற்றி வாங்கின கூலியிலிருந்து பந்தலுக்குக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 20

தம்பி விசாரிக்கப் போனான். வழக்கு அப்படியே இருக்கிறதாம். கத்தார் வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது.

ஜூன் 21

தம்பி பேசவில்லை. சாப்பிட்டான், அது போதும்.

ஜூலை 5

உலையைத் தொடங்க வாரியம் அனுமதி கொடுத்துவிட்டது. 15 நிபந்தனைகளில் எத்தனை முடிந்தது என்று யாராவது எங்கள் ஊருக்கு வந்து சொல்ல வேண்டாமா?

ஜூலை 11

சுனாமி காலனியில் சித்தி வீட்டில் படுத்தேன். அந்த வாசலில் நின்றால் இரண்டு குவிமாடமும் பக்கத்தில் தெரியும். 2004இல் கடல் வந்தபோது வீடு போனவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் இவை. ராத்திரி ஏதோ சத்தம் கேட்டது. சித்தி பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்துவிட்டாள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பெரியவன் கேட்டான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்குக் குறுக்காக என்று சொன்னேன். எட்டு வயசுப் பிள்ளை வாசலுக்குப் போய் விரலை எச்சில் தொட்டுத் தூக்கிப் பார்த்தான்.

ஜூலை 14, ஞாயிறு

நேற்று இரவு 11.05க்கு முதல் உலையில் அணுப்பிளவு தொடங்கிவிட்டது. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். டிவியில் கைதட்டுகிறார்கள்.

அப்பா விடியும் முன்பே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார், கச்சான் இன்னும் அடங்கவில்லை. அம்மா பூசைக்குப் போகாமல் நேராகப் பந்தலுக்குப் போய்ப் பாயை விரித்திருக்கிறாள். தட்டையும் இலையையும் கொண்டுவா என்று ஆள் அனுப்பியிருக்கிறாள். போகிறேன்.