முப்பது வாட் குடித்த எல்.இ.டி.

சர்க்யூட்டை வரைந்து கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருளின் நூலகத்தில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கும். நமக்கு வேண்டியது மட்டும் இருக்காது. சக ஊழியர் ஒருவருக்கு வேண்டியிருந்ததோ சாதாரண சிவப்பு எல்.இ.டி. "நீங்கள்தான் மாடல் எழுதுவீர்களே, ஐந்து நிமிட வேலைதானே?" என்றார். அடுத்தவர் செய்யவேண்டிய வேலை எல்லாமே ஐந்து நிமிட வேலைதான்.

எல்.இ.டி. எப்படி நடந்துகொள்ளும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் மாடல் ஒரே ஒரு வரி. டையோடு என்று அறிவித்துவிட்டு, தெவிட்டு மின்னோட்டம், உமிழ்வுக் குணகம், உள் மின்தடை என்று மூன்று எண்களை நிரப்பினால் பெரும்பாலும் போதும். அந்த மூன்றும் தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் இருக்காது என்பதுதான் வேடிக்கை. அதில் இருந்தது, 20 மில்லிஆம்பியரில் 2 வோல்ட் என்ற ஒரு தகவலும், தூக்கக் கலக்கத்தில் யாரோ வரைந்ததுபோன்ற ஒரு வளைகோடும். அதைத் திரையில் பெரிதாக்கி, கண்ணாடித் திரைமேலேயே அளவுகோலை வைத்துப் புள்ளிகளைப் படித்தேன். உள் மின்தடை 2 ஓம், குணகம் 2 என்று வைத்துக் கணக்கிட்டதில், தெவிட்டு மின்னோட்டம் தசமப் புள்ளிக்குப் பின் பதினெட்டு சுழியங்களைத் தாண்டி ஒரு 7 ஆம்பியராக வந்து நின்றது. பின்னோக்கு முறிவு மின்னழுத்தம் 5 வோல்ட் என்றும் சேர்த்தேன். அதை எழுதாமல் விட்டால் மென்பொருள் முடிவிலி என்று எடுத்துக்கொள்ளும். ஆயிரம் வோல்ட்டைத் தலைகீழாகக் கொடுத்தாலும் சாகாத எல்.இ.டி. கிடைக்கும்.

மாலையிலேயே புகார் வந்துவிட்டது.

"9 வோல்ட் பேட்டரியில் இணைத்தேன். 3.4 ஆம்பியர் ஓடுகிறது. 30 வாட்! நான் கேட்டது விளக்கு, நீங்கள் கொடுத்திருப்பது அடுப்பு."

சிமுலேஷனில் புகை வராது, வெடிக்காது. மூன்று ஆம்பியர் பாய்ந்தாலும் முகம் சுளிக்காமல் அழகான கோடு வரைந்து காட்டும். என் மாடல்மேல் நம்பிக்கை இருந்ததால், நூலகத்தில் இருக்கும் ஏதாவது ஒரு டையோடைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அது இன்னும் அதிகமாகக் குடித்தது. அவர் அசரவில்லை. "பார்த்தீர்களா, உங்கள் கோப்பு மென்பொருளையே கெடுத்துவிட்டது!"

அவர் மேசைக்கே போனேன். எல்.இ.டி.க்கு முன்னால் ஒரு மின்தடை இருந்தது. மிக மங்கலாக எரியட்டும் என்று ஒரு மெகாஓம் போட்டிருக்கிறாராம். பக்கத்தில் '1 எம்' என்று எழுதியிருந்தது. பெரிய எம்தான், பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கிடைத்திருக்கும். ஆனால் இந்த மென்பொருளுக்குள் கணக்குப் போடும் ஸ்பைஸ் என்ற நிரல் 1973-இல் பெர்க்லியில், துளையிட்ட அட்டைகளின் காலத்தில் பிறந்தது. அதற்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. எம் என்றால் மில்லி, எஃப் என்றால் ஃபெம்டோ, அதாவது ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மெகா வேண்டுமானால் 'மெக்' என்று முழுதாக எழுத வேண்டும். ஆக, அவர் போட்டிருந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு ஓம். பேட்டரிக்கும் என் எல்.இ.டி.க்கும் நடுவே காவலுக்கு நின்றது வெறும் கம்பித் துண்டு!

'மெக்' என்று திருத்தியதும் மின்னோட்டம் ஏழரை மைக்ரோஆம்பியருக்கும் கீழே இறங்கியது. மன்னிப்பு வரும் என்று காத்திருந்தேன். "இவ்வளவு குறைவாக இருந்தால் எரிவதே கண்ணுக்குத் தெரியாதே? மாடலை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்" என்றார். பேசாமல் அந்த மின்தடையை 1 கிலோஓம் ஆக்கிவிட்டு வந்தேன். 7 மில்லிஆம்பியர். முதல்முறையாகத் தலையாட்டினார்.

மறுநாள் காலை மீண்டும் வந்து நின்றார். பேட்டரியைத் துண்டித்தாலும் சற்று நேரம் எரியவேண்டும் என்று பெரிய மின்தேக்கி ஒன்றைச் சேர்த்திருக்கிறார். "முழுசாக ஒரு ஃபாரட், '1 எஃப்' போட்டிருக்கிறேன். கண் இமைப்பதற்குள் அணைந்துவிடுகிறது. அந்த மின்தேக்கியின் மாடலையும் நீங்கள்தானே எழுதினீர்கள்?"