கடலியல் முதுநிலைக்கு என்ன படித்திருக்க வேண்டும்?

இளநிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் எனக்கு வரும் மின்னஞ்சல்களில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பெறும்: "விலங்கியல் படித்திருக்கிறேன், சிறு வயதிலிருந்தே கடல்மீது ஆசை, கடலியலில் முதுநிலை சேரலாமா, சார்?" சேரலாம். ஆனால் எந்தக் கடலியல் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். கடல்வாழ் உயிர்கள்தாம் உங்கள் நாட்டம் என்றால், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையில் நடத்திவரும் கடல் உயிரியல் மையத்துக்கு உங்கள் பட்டமே போதிய அடித்தளம். பொறியியல் பட்டதாரிகளுக்குச் சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. நீரோட்டம் ஏன் திசை மாறுகிறது, வங்கக் கடலின் வெப்பம் புயலை எப்படி வளர்க்கிறது என்பவை உங்கள் கேள்விகளானால், நீங்கள் தேடுவது இயற்பியல்சார் கடலியல். கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் அதற்கு நெடுங்காலமாகத் துறைகள் உள்ளன. அங்கே முதல் தேவை கணிதம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் இளநிலையில் வேதியியல் படித்தவன். கணிதத்தை முதலாண்டுத் துணைப்பாடமாக எழுதித் தேறியதோடு விட்டுவிட்டேன். முதுநிலையின் முதல் பருவத்தில் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் கரும்பலகையை நிறைத்தபோது, மற்றவர்கள் கடலைப் பார்த்த இடத்தில் நான் வெறும் குறியீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டதைப் பிடிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஓராண்டை உங்களுக்கு மிச்சப்படுத்த விரும்புகிறேன்.

கணிதம் இங்கே என்ன செய்கிறது என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். நார்வேயின் துருவ ஆய்வாளர் நான்சென் 1893 முதல் 1896 வரை 'ஃப்ராம்' கப்பலில் ஆர்க்டிக் பயணம் மேற்கொண்டபோது, பனிக்கட்டிகள் காற்று வீசும் திசையில் செல்லாமல் அதற்கு 20 முதல் 40 பாகை வலப்புறமாக விலகி நகர்வதைக் கவனித்தார். அவர் விலங்கியல் பயின்றவர். புவிச்சுழற்சியே காரணம் என்று சரியாகவே ஊகித்தார். ஆனால் அந்த ஊகத்தைச் சமன்பாடாக்கித் தீர்த்தவர் வாகன் எக்மன் என்ற இளம் மாணவர். 1905-இல் வெளியான அவருடைய கட்டுரையின்படி, வட அரைக்கோளத்தில் மேற்பரப்பு நீர் காற்றுக்கு 45 பாகை வலப்புறமாக நகர்கிறது. காற்றின் இழுவை எட்டும் அடுக்கு முழுவதையும் கூட்டினால் நீரின் நகர்வு காற்றுக்குச் செங்கோணத்தில் வலப்புறமாக அமைகிறது. தென்மேற்குப் பருவக்காலத்தில் கேரளக் கரையோரமாக வடமேற்கிலிருந்து காற்று வீசும்போது மேல்நீர் கரையை விட்டு விலகுவதும், அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த, சத்து மிகுந்த அடிநீர் மேலெழுவதும், அதை நம்பி நுண்பாசிகளும் அவற்றைத் தின்னும் சாளை மீனும் பெருகுவதும் இந்தச் செங்கோணத்திலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே மீனை ஆராய வருபவருக்கும் ஓரளவு கணிதம் வேண்டும் என்பது என் கருத்து.

வேதியியல் வீணாகவில்லை. ஆய்வுக் கப்பலில் நீர்மாதிரிக் குடுவைகள் மேலே வந்ததும் முதலில் எடுக்க வேண்டியது கரைந்த ஆக்சிஜனுக்கான நீர். ரப்பர் குழாயைக் கண்ணாடிக் குப்பியின் அடிவரை செலுத்தி, ஒரு காற்றுக் குமிழியும் நுழையாதபடி நீரை வழியவிட்டு, மாங்கனீசுக் கரைசலையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்து மூடினால் பழுப்பு நிற வீழ்படிவு இறங்கும். 2,000 மீட்டர் ஆழத்து நீர் ஏறக்குறைய 3 டிகிரி குளிருடன் விரல்களைத் தொட்ட அந்த முதல் நாளை நான் மறக்கவில்லை.

முனைவர் பட்டத்துக்கு இந்தியாவில் ஆய்வு உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வின் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் தாளோ பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வோ பெரும்பாலும் கேட்கப்படும். அமெரிக்காவில் பல துறைகள் ஜிஆர்இ (GRE) என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்பதை நிறுத்திவிட்டன. அங்கே பரிந்துரைக் கடிதங்களும் நோக்க அறிக்கையுமே எடை மிக்கவை. எந்தப் பேராசிரியரின் எந்த ஆய்வோடு உங்கள் கேள்வி பொருந்துகிறது என்பதை அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள். கடற்கரையில் கழித்த மாலைகளைப் பற்றி அதில் எழுத வேண்டியதில்லை.

நிரலாக்கம் தெரியாது என்பவர்கள் இன்றே தொடங்கலாம். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள், பத்து நாள்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து அனுப்புகின்றன. அத்தரவுகளை எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். வங்கக் கடலின் வடபகுதியில் அக்டோபரில் இருந்த ஒரு மிதவையைத் தேர்ந்து, அதன் உப்புத்தன்மையை ஆழத்துக்கு எதிராகப் பைத்தான் நிரல்மொழியில் வரைந்து பாருங்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீர் மேலே மெல்லிய அடுக்காக நிற்பது வளைகோட்டில் தெரியும்.