குரோன்ஸ் வந்த பிள்ளைக்குப் பால்மா வைத்தியம்: குடிக்கப் பண்ணினதை விட வாங்கினதுதான் பெரும்பாடு

மகனுக்குக் குரோன்ஸ், அதாவது குடலில் அழற்சி வரும் நாட்பட்ட வருத்தம், என்று உறுதியானதும் யாழ்ப்பாணத்தில் டொக்டர் அழற்சியை அடக்கும் ஸ்டீரொய்ட் மருந்து எழுதவில்லை. 6 முதல் 8 வாரத்துக்குச் சோறு, பாண், பழம் ஒன்றும் கிடையாது, முழுச் சத்துள்ள மாவைக் கரைத்து அது மட்டும், தண்ணீர் குடிக்கலாம் என்றார். பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பார்களாம். குடல் அழற்சி ஸ்டீரொய்டுக்கு அடங்குவதுபோல இதற்கும் அடங்கும், வளர்த்தியும் மறிபடாது. சரி என்றோம்.

துண்டைக் கொண்டு முல்லைத்தீவுக்கு வந்தால் ஒரு பாமசியிலும் அந்த மா இல்லை. கிளிநொச்சியில் ஒருவர், "இதுவும் சத்துமாதான் அக்கா, கொண்டுபோங்கோ" என்று வேறொரு ரின்னை நீட்டினார். திருப்பிப் பார்த்தேன்: சீனி வருத்தக்காரருக்கு உரியது. அடுத்த கடையில் மோல்ட் மாவைக் காட்டினார்கள். அது சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பது. அதை மட்டும் நம்பினால் பிள்ளை வாடிப்போகும். மாவின் பெயரோடு, அது கிடைக்காவிட்டால் எதை வாங்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி என்பதையும் துண்டிலேயே எழுதி வாங்குங்கள். கடைசியில் யாழ்ப்பாணக் கடையொன்று வவுனியா பஸ்ஸில் பார்சல் போட்டுவிட, மாங்குளம் சந்தியில் போய் எடுத்தோம். பெட்டியைக் கையில் வாங்கியபோது வந்த சந்தோசம் சொல்லி முடியாது.

குடிக்கிற பாடு சில நாளில் தீர்ந்தது. நன்றாகக் குளிரவைத்து, மூடி போட்ட கப்பில் ஸ்ட்ரோவால் குடித்தால் மணம் மூக்கில் அடிக்காது. மகன் ஒரு மிடறுக்கு ஒருதரம் கப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பான். குடிக்கவே முடியாத பிள்ளைக்கு மூக்கால் குழாய் விட்டு அதே பாலைக் கொடுப்பார்கள், பலனில் வித்தியாசமில்லை.

சொந்தக்காரரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் நேரம் மாமி, "அம்மாளின்ர பிரசாதம், ஒரு வாய் குடு, ஒண்டும் செய்யாது" என்று நின்றார். நான் கொடுக்கவில்லை. ஒரு கிழமை கதைக்கவும் இல்லை அவர்.

கிளினிக் கதை வேறு. கவுண்டரில் இருந்தவர் கொப்பியில் எழுதித் தந்த திகதிக்கு விடியப்புறப் பஸ் பிடித்துப் போனால், வாசலில் காவலாளி, "இண்டைக்குப் போயா எல்லோ அம்மா" என்கிறார். பௌர்ணமி விடுமுறை, கிளினிக் இல்லை. மறுமுறை போய்க் கேட்டதற்கு, "நீங்கள் கலண்டர் பாக்கேல்லையா?" என்று எங்களிடமே திருப்பிக் கேட்டார் அந்தக் கவுண்டர் மனிசன்! திகதியைக் கொப்பியில் பதியும்போதே போயாவா என்று கேட்டுவிடுங்கள்.

இரத்தத்தில் அழற்சி குறைந்துவிட்டது, நிறையும் ஏறுகிறது. சாப்பாட்டை எந்த ஒழுங்கில் திரும்பத் தொடங்குவது என்பதை நாங்கள் கேட்கும்வரை ஒருவரும் சொல்லவில்லை. அதையும் எழுதி வாங்குங்கள். மிஞ்சின ரின்களை எறியவில்லை. சாப்பாட்டோடு சேர்த்து இன்னும் கொஞ்சக் காலம் குடிக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர்.